இரண்டு உலகங்கள், ஒரே நாட்காட்டி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு தங்கள் இணைப்பிதழில் இரண்டு கட்டுரைகள் அடுத்தடுத்த பக்கங்களில் வெளிவந்திருந்தன. ஒன்று, ‘தி கிங்: எடர்னல் மோனார்க்’ என்ற தென்கொரியத் தொடரை, நாள் கணக்கு புரியாத குழப்பமான இணை உலகக் காதல் கதை என்று ஒதுக்கியிருந்தது. மற்றொன்று, கைப்பேசியில் ஒரு காலண்டர் செயலி இருந்தால் சுவரில் தொங்கும் தினசரி காலண்டருக்கு இனி வேலையில்லை என்றது. அந்தத் தொடரை இரண்டு முறை முழுமையாகப் பார்த்தவள், செயலியைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துபவள் என்ற முறையில் இரு முடிவுகளையும் என்னால் ஏற்க முடியவில்லை. நாள் கணக்கை மதித்தது அந்தத் தொடர். மதிக்கத் தவறியது செயலி என்பதே என் கருத்து.

2020 ஏப்ரல் 17 முதல் ஜூன் 12 வரை பதினாறு பகுதிகளாக ஒளிபரப்பான இத்தொடரை நானும் என் மகளும் ஊரடங்கு நாள்களில் நெட்ஃபிளிக்ஸில் பார்த்தோம். கதையில் இரண்டு கொரியாக்கள் இருக்கின்றன. ஒன்று நாம் அறிந்த குடியரசு. மற்றொன்றில் புசான் நகரில் அரண்மனை கொண்ட அரச வம்சம் இன்றும் நிலைத்திருக்கிறது. 1994ஆம் ஆண்டில், அரியணைக்கு ஆசைப்பட்ட மாற்றாந்தாய்ச் சகோதரன் அரசனைக் கொல்கிறான். அந்த இரவில் முகம் தெரியாத ஒருவர் எட்டு வயது இளவரசன் லீ கோனைக் காப்பாற்றுகிறார். அவரிடமிருந்து சிறுவனின் கைக்கு ஓர் அடையாள அட்டை வந்து சேர்கிறது. அதில் ஜுங் தே-உல் என்ற பெண் காவல் அதிகாரியின் படமும், அட்டை வழங்கப்பட்ட நாளாக 2019 நவம்பர் 11 என்ற தேதியும் இருக்கின்றன. இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகே வரவிருக்கும் ஒரு தேதியைக் கையில் வைத்துக்கொண்டுதான் அந்தச் சிறுவன் வளர்ந்து அரசனாகிறான். பின்னர் அவன் வெள்ளைக் குதிரையோடு மறு உலகத்துக்குள் நுழைந்து, சியோலின் க்வாங்ஹ்வாமுன் சதுக்கத்தில் அவளைக் கண்டு கட்டிக்கொள்ளும்போது அவளுக்கு அவன் யாரென்றே தெரியாது. அவன் பாதுகாத்து வந்த அட்டை அவளுக்கு இன்னும் வழங்கப்படவே இல்லை. இந்தக் காதலின் ஆழம் முழுவதும் அந்த ஒரு தேதியில் இருக்கிறது. அதைக் கவனிக்காமல் பார்ப்பவருக்கு இது அழகான முகங்களின் அணிவகுப்பாக மட்டுமே தெரியும்.

தொடரில் இரு உலகங்களுக்கும் இடையே வழி திறக்கும் மாயக்குழலையும் கட்டுரையாளர் ஏளனம் செய்திருந்தார். அது தொடருக்காக இட்டுக்கட்டிய பொருளன்று. 13ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட ‘சம்குக் யுசா’ என்ற நூலில், பண்டைய கொரியாவின் சில்லா நாட்டு மன்னன் சின்முன் காலத்துக் கதையாக அது வருகிறது. பகலில் இரண்டாகப் பிரிந்து இரவில் ஒன்றாகும் மூங்கிலை வெட்டிச் செய்த அந்தக் குழலை ஊதினால் பகைவர் பின்வாங்குவர், அலைகள் அடங்கும் என்பது மரபு. அந்தப் பிரியும் மூங்கிலிலிருந்துதான் இரண்டாக முறிந்த குழலும் இரண்டாகப் பிரிந்த உலகும் முளைத்திருக்கின்றன என்று நான் நினைக்கிறேன். தன் மண்ணின் பழங்கதையை இப்படி எடுத்தாள்வது எளிதான செயலன்று. கடைசி ஐந்தாறு பகுதிகளில் இறந்த காலத்தைத் திருத்தும் முயற்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுவதும், காலம் உறைந்து நிற்பதற்கான விளக்கம் அவசரமாகச் சொல்லி முடிக்கப்படுவதும் குறைகளே. அவ்வளவில் கட்டுரையாளரோடு நான் உடன்படுகிறேன்.

கொரியர்கள் 1896 ஜனவரி 1 முதல் ஆங்கில நாட்காட்டியை ஏற்றுக்கொண்டவர்கள். ஆயினும் ‘சொல்லால்’ எனப்படும் புத்தாண்டையும், எட்டாம் மாதப் பௌர்ணமியில் வரும் சூசொக் திருநாளையும் இன்றுவரை சந்திரக் கணக்குப்படியே கொண்டாடுகிறார்கள். முதியவர்கள் பலர் பிறந்தநாளையும் அப்படியே கணக்கிடுகிறார்கள். ஒரே நாளை இரண்டு கணக்குகளில் வாழ்பவர்களுக்கு இணை உலகம் அத்தனை அந்நியமான கற்பனையாக இருக்காது. நமக்கும் அப்படித்தான். அலுவலகத்துக்கு ஆகஸ்ட், வீட்டுக்கு ஆவணி.

செயலி தடுமாறுவது இந்த இடத்தில்தான். என் மாமனாரின் திதி ஆவணித் தேய்பிறைப் பஞ்சமி. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தமிழ்க் காலண்டர் செயலியை நம்பி, அது பஞ்சமி என்று காட்டிய புதன்கிழமைக்கு நினைவூட்டல் வைத்தேன். அந்தப் பஞ்சமி செவ்வாய் முற்பகலில் தொடங்கிப் புதன் காலை பத்து மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது. சூரிய உதயத்தில் எந்தத் திதி இருக்கிறதோ அதையே அந்த நாளின் திதியாகச் செயலி எழுதிவிடுகிறது. சிராத்தத்துக்கோ அபராண்ண காலத்தில், அதாவது பகலை ஐந்தாகப் பகுத்தால் வரும் நான்காம் பகுதியில், ஏறத்தாழ பிற்பகல் ஒன்றேகால் முதல் மூன்றரை வரை, திதி இருக்க வேண்டும். புதன் காலை வீட்டுக்கு வந்த சாஸ்திரிகள், “நேற்றே செய்திருக்க வேண்டும் அம்மா” என்றபோது என் மாமியார் ஒரு வார்த்தையும் பேசாமல் உள்ளே போய்விட்டார். முந்தைய நாள் கிழித்துப் போட்ட காலண்டர் தாளைத் தேடி எடுத்துப் பார்த்தேன். ‘சிராத்த திதி: பஞ்சமி’ என்று அதில் தனி வரியாகவே அச்சிட்டிருந்தது. எந்தக் கட்டுரையாளர் தேவையில்லை என்கிறாரோ அந்தக் காலண்டரின் தாள்தான் அது.

பொதுவான காலண்டர் செயலிகளில் ‘ஒவ்வொரு மாதமும் மூன்றாவது வியாழன்’ என்று நிகழ்வைப் பதிய முடிகிறது. ஆனால் ‘ஆண்டுதோறும் ஆவணித் தேய்பிறைப் பஞ்சமி’ என்றோ, ‘தை மாதம் அனுஷ நட்சத்திரம்’ என்றோ பதிய வழியில்லை. ஆங்கிலத் தேதியாகப் பதிந்தால், சந்திர ஆண்டு ஏறத்தாழ பதினொரு நாள் குறைவாக இருப்பதால் அடுத்த ஆண்டே அது பொய்யாகிவிடும். மென்பொருள் துறையில் பணியாற்றும் என் மகள் சொல்லித்தான் அறிந்தேன்: ஆங்கில நாட்காட்டி அல்லாத கணக்குகளில் மீண்டும் மீண்டும் வரும் நிகழ்வுகளைப் பதிவதற்கான பொதுத் தரநிலை 2015ஆம் ஆண்டிலேயே வெளியிடப்பட்டிருக்கிறது, சீன, எபிரேய, எத்தியோப்பிய நாட்காட்டிகள் அதில் எடுத்துக்காட்டுகளாக இடம்பெற்றிருக்கின்றன. ஆகவே நாம் கேட்பது தொழில்நுட்பத்துக்கு எட்டாத ஒன்றன்று. தமிழ்ச் செயலிகளை உருவாக்குபவர்கள் ராசிபலனுக்கும் விளம்பரத்துக்கும் ஒதுக்கும் இடத்தில் சிறிதளவை இதற்கு ஒதுக்கினால் போதும்.

தங்கள் இதழில் அடுத்த முறை இத்தகைய செயலிகளை மதிப்பிடும்போது, திதி தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் தரப்பட்டிருக்கின்றனவா, சிராத்த திதிக்குத் தனி வரி உண்டா என்பதைப் பார்த்து எழுதும்படி கட்டுரையாளரைப் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
மயிலாடுதுறை