நோயாளியின் முகம் எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராக இருக்கிறேன். ராத்திரி பாம்புக்கடி என்று யாராவது வந்தால் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் கேட்போம், உடனே ஒரு மூத்த டாக்டர், சுத்தமான கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வையுங்கள், உறையவில்லை என்றால் விரியன் கடியாக இருக்கலாம், விஷமுறிவு மருந்தைத் தொடங்க வேண்டும் என்று சொல்வார். கட்டுவிரியன் வேறு வகை, அதன் விஷம் நரம்பைத் தாக்கும்; அது கடித்தால் ரத்தம் வழக்கம்போல உறைந்துவிடும், அதனால் இமை சரிகிறதா என்று பார்க்க வேண்டும், இதையும் அங்கேதான் கற்றேன். பெரிய உதவி.

ஆனால் அதே குழுவில் நோயாளியின் முகம், பெயர், ஓபி சீட்டு எல்லாம் அப்படியே வருகிறது. கடிபட்ட இடத்தை மட்டும் படம் எடுத்தால் போதாதா? அப்புறம், நல்ல பதில்கள் காலை வணக்கச் செய்திகளுக்கு அடியில் புதைந்துபோகின்றன. சுகாதாரத் துறையே பாதுகாப்பான செயலி ஒன்றைத் தந்து, அவற்றைத் தேடி எடுக்கிற மாதிரி சேமித்து வைக்க வேண்டும்.

– கிராமப்புறச் செவிலியர் ஒருவர்