மாங்கொட்டையும் புளி ஓடும் எங்கள் தண்ணீருக்கு உதவட்டும்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகளின் வேதியியல் துறை ஆசிரியர்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் வணக்கம்.

பென்னாகரம் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். ஒவ்வொரு வருடமும் பத்தாம் வகுப்புக் குழுப்படம் எடுக்கும்போது சில பிள்ளைகள் உதட்டை இறுக்கி மூடிக்கொள்வார்கள். சிரிக்கச் சொன்னால் கை வாய்க்குப் போய்விடும். பல்லில் பழுப்புக் கறை. சின்ன வயதில் குடித்த போர் தண்ணீரின் ஃபுளோரைடு விட்டுப்போன தடம் அது. ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் 2013-ல் வந்தது எங்களுக்குப் பெரிய ஆறுதல். ஆனாலும் குழாயில் காவிரி வராத நாளில் மறுபடி போர் தண்ணீரைத்தான் குடத்தில் பிடிக்கிறோம். லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. எங்கள் குடத்தில் எவ்வளவு இருக்கிறது என்பது பிடிக்கும் அன்றைக்கு எங்களுக்குத் தெரிவதில்லை.

இதை உங்களிடம் சொல்வதற்குக் காரணம், கழிவிலிருந்து கார்பன் நானோ பொருள், அதாவது கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய கரித் துகள், செய்யும் வேலை. தண்ணீரில் ஃபுளோரைடு இருக்கிறதா என்று காட்டவும், கழிவுக் கரியைக் கொண்டு அதை வடிகட்டவும் இந்த வேலை எங்களுக்கு உதவக்கூடும். தோலையோ ஓட்டையோ கழுவிக் காயவைத்து, பொடித்து, தண்ணீரோடு டெஃப்லான் குவளையில் இட்டு, எஃகு உறைக்குள் மூடி, அடுப்பில் 180 டிகிரியில் சில மணி நேரம் வைத்தால் பழுப்பு நீர் கிடைக்கிறது. வடிகட்டிப் புற ஊதா விளக்கில் காட்டினால் நீலமாக ஒளிர்கிறது. அதில் மிதப்பவை 10 நானோமீட்டருக்கும் சிறிய கார்பன் புள்ளிகள். 2004-ல் அமெரிக்காவில் கார்பன் நானோகுழாய்களை (குழாய் வடிவிலுள்ள மிக நுண்ணிய கார்பனை) சுத்தம் செய்தபோது தற்செயலாகக் கண்ணில் பட்டவை. நம் மண்ணுக்கு இந்த உறவு இன்னும் பழையது. கீழடிப் பானை ஓடுகளின் கரும்பூச்சில் கார்பன் நானோகுழாய்கள் இருப்பதை வேலூர் வி.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்டார்கள். ஏதோ செடிச் சாற்றைப் பூசிச் சுட்டிருக்கலாம் என்பது அவர்களின் ஊகம். வகுப்பில் இதைச் சொன்ன அன்று மணி அடித்த பிறகும் பிள்ளைகள் எழுந்திருக்கவில்லை.

மூலப்பொருளுக்கு நம் மாவட்டங்களில் பஞ்சமே இல்லை. மாம்பழக் காலத்தில் கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பக்கம் போனால் கூழ் ஆலைக் கழிவின் புளித்த வாசமே வழி சொல்லும். பெங்களூரா பழத்தில் கூழ் போக மீதித் தோலும் கொட்டையும்தான். புளிக் காலத்தில் எங்கள் ஊர்ப் பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து புளி தட்டுகிறார்கள். கொட்டையை வாங்க ஆள் வரும், ஓட்டை யாரும் கேட்பதில்லை.

சரி, நான் கேட்க வந்தது இதுதான். நீலமாக ஒளிரும் புட்டியின் படத்தோடு ஆய்வை நிறுத்திவிடாதீர்கள். அந்த நீல ஒளி குறைவதை வைத்து ஃபுளோரைடைக் கண்டுபிடிக்கலாம் என்றால், வாலை வடிநீரில் சோடியம் ஃபுளோரைடைக் கரைத்துச் சோதிக்கும்போது எதுவும் அழகாகத்தான் வேலை செய்யும். எங்கள் தண்ணீரில் உப்பு, சுண்ணாம்பு, பைகார்பனேட் எல்லாம் சேர்ந்து வரும். ஒளி குறைவது ஃபுளோரைடாலா வேறொன்றாலா என்று அங்கேதான் தெரியும். அதனால் முதல் சோதனையையே பென்னாகரத்துப் போர் தண்ணீரில் செய்யுங்கள்.

வடிகட்டுவதும் அப்படித்தான். வெறும் கரி ஃபுளோரைடை அவ்வளவாகப் பிடிக்காது. அலுமினியமோ சிர்கோனியமோ ஏற்றினால்தான் பிடிக்கும். ஏற்றியது குடிநீரில் கசிகிறதா, எத்தனை குடத்துக்கு அந்தக் கரி தாங்கும், தீர்ந்த கரியை எங்கே போடுவது? ஒரு தாய் கேட்கும் கேள்விகள் இவை. ஆய்வேட்டில் இவற்றுக்கும் ஒரு பக்கம் வேண்டும்.

ஆலைக் குப்பை முழுவதையும் கார்பன் புள்ளிகள் தின்று தீர்க்கும் என்று நான் நம்பவில்லை. ஒரு சோதனைக்குச் சில கிராம் போதும். மலைபோல் கிடப்பது உரத்துக்கும் சாண எரிவாயுக் கலனுக்கும் போகட்டும். நமக்கு வேண்டியது, ஒரு சொட்டுத் தண்ணீரையும் ஒரு சின்ன விளக்கையும் வைத்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை பார்த்துச் சொல்லக்கூடிய ஒரு சோதனை. அதன் செய்முறையைத் தமிழில் இரண்டு பக்கத்தில் எழுதித் தாருங்கள்.

எங்கள் பங்கைச் செய்ய நாங்கள் தயார். எந்த ஊர், எந்தத் தெரு, எத்தனை அடி ஆழம், எந்தத் தேதியில் பிடித்தது என்று சீட்டு ஒட்டி, பிள்ளைகள் பிளாஸ்டிக் புட்டிகளில் தண்ணீர் கொண்டுவருவார்கள். புளி ஓடு இரண்டு மூட்டை காயவைத்துக் கட்டி சைக்கிள் கொட்டகையில் வைத்திருக்கிறேன். எந்தக் கல்லூரி முதலில் சொல்கிறதோ அங்கே அடுத்த சனிக்கிழமையே கொண்டுவந்து சேர்க்கிறேன்.

அன்புடன்,
ஓர் அறிவியல் ஆசிரியை,
பென்னாகரம் வட்டம்