ஏன் கல்லீரல் மட்டும்?

அன்புள்ள மாலதி,

எட்டு மாதம் ஆகிவிட்டது. உன் இரண்டு கடிதங்களும் மேசை இழுப்பறையில் கிடக்கின்றன. திறக்கும்போதெல்லாம் உன் கையெழுத்து என்னை முறைக்கிறது. மன்னித்துவிடு. அத்தையின் முழங்கால் எப்படி இருக்கிறது? காவ்யாவுக்கு இது எட்டாம் மாதம்தானே? அவளைப் பற்றி ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

தம்பி முரளிக்கு ஹெபடைடிஸ் பி, கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்று. மார்ச் மாதம் ரத்ததானம் செய்யப் போனான், ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. ஆறு மாதம் கழித்தும் அதே முடிவு, ஆகவே நாள்பட்ட தொற்று. வைரஸ் குறைவாக இருக்கிறது, கல்லீரல் நன்றாக இருக்கிறது, இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்கு வந்தால் போதும் என்றார் டாக்டர். இரண்டு நிமிடத்தில் சொல்லி அனுப்பிவிட்டார். அவன் கேட்க நினைத்தது எதையும் கேட்க முடியவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

பிறக்கும்போதே தாயிடமிருந்து தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது நிலைத்துவிடும். பெரியவர்களுக்கு வந்தால் நூற்றுக்கு ஐந்து பேருக்குக்கூட நிலைப்பதில்லை. அம்மாவுக்கு இருந்ததா என்று இனி யாரிடம் கேட்பது? எனக்குப் பரிசோதித்துவிட்டேன், இல்லை.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். அலமாரியில் அவன் டம்ளர் மட்டும் தனியாக இருந்தது, அடியில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு. குழந்தை ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டது. அவன் தூக்கவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான், மாலதி. அந்த டம்ளரை எடுத்து, அவன் பாதி குடித்து வைத்திருந்த தண்ணீரை அவன் கண்ணெதிரே குடித்தேன். "அக்கா!" என்று கத்தினான். உட்காருடா என்று சொல்லிப் பேசினேன். ரத்தத்தாலும் உடலுறவாலும் பிரசவத்தின்போதும் பரவுவது இது. தட்டாலும் டம்ளராலும் கட்டிப்பிடிப்பதாலும் பரவாது. சவரக் கத்தியும் பல் துலக்கியும் மட்டும் தனியாக இருந்தால் போதும். மனைவிக்கும் குழந்தைக்கும் தடுப்பூசி முடிந்துவிட்டது.

எல்லாம் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டான். "நீ விலங்கியல்தானே படிச்சே? ரத்தம் உடம்பு முழுக்க ஓடுது. இது ஏன் கல்லீரலை மட்டும் பிடிச்சுக்குது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. சாந்தா டீச்சர் இருந்திருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார். நாம் படித்தபோது இதற்கு யாரிடமும் பதில் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து இதே வேலையாக இருக்கிறேன். உன்னிடம் கொட்டாமல் வேறு யாரிடம் கொட்டுவேன்?

இந்த வைரஸின் 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்ற புரதத்தை விஞ்ஞானி பரூச் புளூம்பெர்க் 1965-லேயே வெளியிட்டுவிட்டார். ஆனால் வைரஸ் எந்த வாசல் வழியாகச் செல்லுக்குள் போகிறது என்பது 2012 வரை பிடிபடவில்லை. நாற்பத்தேழு வருஷம்! காரணத்தைக் கேள். ஆய்வகத்தில் வளரும் 'ஹெப் ஜி2' என்ற கல்லீரல் செல்லுக்குள் வைரஸின் டிஎன்ஏவை நாமே திணித்தால் அது சமர்த்தாக வைரஸ் தயாரிக்கும். வெளியிலிருந்து வைரஸை ஊற்றினாலோ ஒன்றும் நடக்காது. சரி, மனிதக் கல்லீரலிலிருந்து நேராக எடுத்த செல்களை வைத்துப் பார்க்கலாம் என்றால், கண்ணாடித் தட்டில் சில நாள் இருந்ததுமே அவற்றுக்கும் தொற்றும் தன்மை போய்விடும். வாசல் இருந்த இடமே மறைந்துவிடுகிறது.

பெய்ஜிங்கில் வென்ஹூய் லீ என்பவரின் குழுதான் கண்டுபிடித்தது. 2003-ல் சார்ஸ் வைரஸ் ஏசிஇ2 என்ற செல் புரதத்தின் வழியாக நுழைகிறது என்று காட்டிய ஆய்வின் முதல் ஆசிரியரும் இவரே. மனிதச் செல் ஒத்துழைக்காததால் மர மூஞ்சூறு என்ற சிறு விலங்கின் கல்லீரல் செல்லை எடுத்துக்கொண்டார்கள். இந்த வைரஸ் அதற்கும் தொற்றும். வைரஸின் மேலுறையில் 'ப்ரீ எஸ்1' என்று ஒரு பகுதி உண்டு, நுனியில் ஒரு கொழுப்பு அமிலம் ஒட்டியிருக்கும். அந்தப் பகுதியை மட்டும் செயற்கையாகச் செய்து, ஒளி பட்டால் பக்கத்தில் இருப்பதை இறுகப் பிடித்துக்கொள்ளும் ஓர் அமினோ அமிலத்தை அதில் செருகினார்கள். செல் மேல் போட்டு, ஒளியைப் பாய்ச்சி, தூண்டிலை இழுப்பது போல இழுத்தார்கள். என்டிசிபி என்ற புரதம் மாட்டிக்கொண்டு வந்தது. பல வருஷம் மசியாத ஹெப் ஜி2 செல்லில் அதை வைத்ததும் வைரஸ் உள்ளே போனது.

இப்போது அந்தப் புரதத்தின் வேலையைக் கேள். கொழுப்பைச் செரிக்கக் கல்லீரல் பித்த உப்பை அனுப்புகிறது. குடல் அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தை உறிஞ்சி ரத்தம் வழியாகத் திருப்பி அனுப்பிவிடும். வந்த உப்பைக் கல்லீரல் செல், ரத்தம் படும் பக்கத்தில் நின்று உள்ளே வாங்கிக்கொள்ள வேண்டும். அதைச் செய்வது என்டிசிபி. சோடியம் அயனி இரண்டைப் பிடித்துக்கொண்டு ஒரு பித்த உப்பை உள்ளே விடும். இந்த வேலை கல்லீரலுக்கே உரியது என்பதால் இந்த வாசல் அங்கேதான் இருக்கிறது. முரளியின் கேள்விக்கு இதுதான் பதில். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நீ தேர்வில் பூட்டு-சாவி என்று எழுதி, பூட்டை மட்டும் அழகாக வரைந்துவிட்டு நேரம் போதாமல் வந்தாயே, நினைவிருக்கிறதா? அந்த உவமை இங்கே பாதிதான் பொருந்துகிறது. வைரஸ் முதலில் செல்லின் மேல் பாசி போலப் படர்ந்திருக்கும் ஹெப்பரான் சல்பேட் என்ற சர்க்கரைச் சங்கிலியில் லேசாகத்தான் ஒட்டுகிறது. அது உடம்பு முழுக்க இருப்பது, அதில் ஒட்டியதால் ஒன்றும் ஆகிவிடாது. என்டிசிபி கைக்குக் கிடைத்த பிறகுதான் பிடி இறுகி உள்ளே போகிறது.

ஹெபடைடிஸ் சி வேறு மாதிரி. அதற்கு ஒரு வாசல் போதாது. 1998-ல் சிடி81, 2002-ல் எஸ்ஆர்-பி1, 2007-ல் கிளாடின், 2009-ல் ஆக்ளூடின் என்று அது பயன்படுத்தும் செல் புரதங்களை ஒவ்வொன்றாகப் பிடித்தார்கள். கடைசி இரண்டும் பக்கத்துப் பக்கத்துச் செல்களைத் தையல் போட்டு வைத்திருக்கும் புரதங்கள். செல்லின் முகப்பில் இறங்கிய வைரஸ் மெல்ல நகர்ந்து அந்தத் தையல் வரை போய்த்தான் நுழைகிறது. சி-க்கு இன்று எட்டு முதல் பன்னிரண்டு வார மாத்திரையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் குணம், ஆனால் தடுப்பூசி இல்லை. பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது, முற்றாக வெளியேற்றும் மருந்து இல்லை. ஏனென்றால் செல்லின் உட்கருவுக்குள் வைரஸின் டிஎன்ஏ வளையமாகத் தங்கிவிடுகிறது.

அந்த வாசலை அடைத்துவிடலாமே என்று நீ கேட்பாய். அடைத்திருக்கிறார்கள்! ஜெர்மனியில் ஹைடல்பெர்க்கில் ஸ்டெஃபான் உர்பன் குழு, அதே ப்ரீ எஸ்1 துண்டிலிருந்து புலெவிர்டைட் என்ற மருந்தை உருவாக்கியது. நாற்பத்தேழு அமினோ அமிலம், நுனியில் அதே கொழுப்பு. வைரஸுக்கு முன்னால் போய் என்டிசிபியில் உட்கார்ந்துகொள்ளும். 2020 ஜூலையில் ஐரோப்பாவில் ஹெபடைடிஸ் டி-க்கு அனுமதி கிடைத்தது. டி வேறொரு வைரஸ், ஆனால் தன் மேலுறையை பி-யிடமிருந்து கடன் வாங்கிக்கொள்வதால் அதுவும் இதே வாசலில்தான் வர முடியும். இந்த மருந்தை ஊசியாகப் போட்டவர்களுக்கு ரத்தத்தில் பித்த உப்பு ஏறுகிறது, ஆனால் பெரும்பாலானோருக்கு அதனால் தொந்தரவு இல்லை. முரளிக்கு டி இல்லை, பரிசோதித்துவிட்டோம். அவன் செல்லுக்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பதை இந்த மருந்து எழுப்பாது, அதை அவனிடம் மறைக்காமல் சொல்லிவிட்டேன்.

எல்லாவற்றையும் ஒரு தாளில் படமாக வரைந்து காட்டினேன். பித்த உப்பு வரும் வழியை விரலால் தடவிக்கொண்டே ரொம்ப நேரம் பார்த்தான். "அப்போ என் கல்லீரல் தப்பு எதுவும் பண்ணல. அதுபாட்டுக்கு அதோட வேலையைப் பார்த்துக்கிட்டு இருந்திருக்கு" என்றான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சரி, காவ்யா. ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்று பார்க்கும் எச்பிஎஸ்ஏஜி பரிசோதனை செய்துவிட்டார்களா என்று இன்றே கேள். முடிவு எதுவாக இருந்தாலும், குழந்தை பிறந்து இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசி போட வேண்டும். பிரசவ அமளியில் யாராவது மறந்தாலும் நீ மறக்காதே. அவளுக்கு இருப்பதாகத் தெரிந்தால், பிறந்தவுடன் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற தயார் எதிர்ப்புப் புரத ஊசியும் போட வேண்டும், அதனால் முன்கூட்டியே டாக்டரிடம் பேசிவிடு. உனக்கும் ஒரு முறை பரிசோதித்துக்கொள். ஊசி என்றால் ஓடுவாயே, அதற்காகவே சொல்கிறேன், இந்த முறை ஓடாதே.

போன வாரம் போனேன். டம்ளரில் அந்தப் பொட்டு பாதி உரிந்திருந்தது. குழந்தை அவன் தோளில் உட்கார்ந்து முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

பரிசோதனை முடிவு வந்ததும் எழுது. உன் பதிலுக்கு எட்டு மாதம் எடுத்துக்கொள்ளாதே.

உன்
சுகந்தி