மூன்று கால்மிதிகள்

அன்புள்ள எல்லோருக்கும்,

என் நாய் கருப்பி பிழைத்துக்கொண்டாள். இதை எழுதும்போது என் காலடியில்தான் படுத்திருக்கிறாள். தலை இன்னும் இடப்பக்கம் சாய்ந்தே இருக்கிறது. ஆனால் நேற்றிலிருந்து தானாகவே தண்ணீர் குடிக்கிறாள். அந்த மூன்று இரவுகளில் நடந்ததை மறுபடி சொல்லப்போவதில்லை. பாதிப் பேர் போனில் என்னோடு விழித்திருந்தீர்கள், மீதிப் பேர் விடிந்ததும் விசாரித்தீர்கள்.

அவள் கண்மணிகள் பக்கவாட்டில் துடிப்பதை நள்ளிரவில் வீடியோவில் பார்த்துவிட்டு, "பக்கவாதம் மாதிரி தெரியலை. உள்காதுல சமநிலை தவறியிருக்கு, வயசான நாய்களுக்கு வர்றதுதான். முதல் ரெண்டு மூணு நாள்தான் மோசம். ஆனா காலையில நேர்ல காட்டிடுங்க" என்று நிதானமாகச் சொன்ன கால்நடை மருத்துவர், பாராசிட்டமாலைக் கையில் வைத்துக்கொண்டு கொடுக்கலாமா என்று நான் கேட்டபோது, மனிதர்களுக்கான வலி மாத்திரை நாயைக் கொன்றுவிடும் என்று கத்தித் தடுத்த தோழி, என் இன்னொரு செல்லப்பிராணி மணியை இரண்டு நாள் தங்கள் வீட்டில் வைத்துக்கொண்ட தம்பதி, காசு பிறகு தரலாம் என்று வேனுக்கு அடியில் புகுந்த மெக்கானிக். உங்கள் எல்லோரையும் ஒரே பத்தியில் அடைத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இன்னொருவரைப் பற்றி எழுத எனக்கு இடம் வேண்டும்.

அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. நாங்கள் குடியிருக்கும் வேன் நின்றுபோன பெட்ரோல் பங்கில் இரவு வேலை பார்ப்பவர்.

வேனுக்கும் புல்தரைக்கும் நடுவே பத்துப் பதினைந்து அடிக்கு பளபளவென்று டைல்ஸ். பதினான்கு வயது நாய்க்கு அது பாசி பிடித்த படிக்கட்டு மாதிரி. பின்னங்கால்கள் ஆளுக்கொரு பக்கம் விலகும், நகம் மட்டும் தரையைக் கீறிக்கொண்டிருக்கும். இதில் அவளுக்கு உலகமே சுற்றிக்கொண்டிருந்தது வேறு. ஆனாலும் வேனுக்குள் சிறுநீர் கழிக்க மாட்டேன் என்று அந்த நிலைமையிலும் பிடிவாதம். வயிற்றுக்கு அடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்தும் இரண்டு முறை சரிந்து விழுந்தோம், அவளும் நானும்.

அவர் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். எழுந்து வந்தபோது, நாயை இங்கே விடக்கூடாது என்று சொல்லத்தான் வருகிறார் என நினைத்தேன். பதில்கூட யோசித்து வைத்துவிட்டேன். அவர் கையில் மூன்று ரப்பர் கால்மிதிகள் இருந்தன. ஒன்றுமே பேசாமல் அவள் முன்னால் வரிசையாகப் போட்டார். அவள் முதல் கால்மிதியைத் தாண்டியதும் அதை எடுத்து மூன்றாவதற்கு முன்னால் போட்டார். பிறகு அடுத்தது. குனிந்து குனிந்து, எடுத்து எடுத்துப் போட்டு, புல் வரைக்கும். திரும்பி வரும்போதும் அப்படியே.

இதை மூன்று இரவுகள் செய்தார். வண்டிகள் வந்தால் போய்ப் பெட்ரோல் போட்டுவிட்டு வருவார். நாங்கள் அதுவரை நடுவழியில் கால்மிதியின் மேல் நின்று காத்திருப்போம்.

இந்த வயதான ஜீவன்களை ஏன் இப்படி அலைக்கழிக்கிறாய் என்று என்னிடம் கேட்காதவர் குறைவு. அவர் கேட்கவில்லை. அந்த இரவுகளில் நானே என்னைக் கேட்டுக்கொண்டேன். ஆறு வருடமாக இந்த இரண்டுக்கும் வேன்தான் வீடு. கருப்பிக்குக் காது போய்விட்டது, கண்ணில் நீலம் படர்ந்துவிட்டது; மூக்கு மட்டும் கூர்மை. எந்த ஊரில் நின்றாலும் அந்தக் கிழிந்த போர்வையின் வாசனை இருந்தால் உடனே சுருண்டு தூங்கிவிடுவாள். அவளை எங்கோ விட்டுவிட்டு நான் மட்டும் போவது நடக்காது. பயணத்தால் இது வந்ததில்லை என்று மருத்துவர் சொன்னார், நம்புகிறேன். ஆனாலும் அன்றைக்கு ஐந்து மணிநேரம் ஒரே மூச்சில் ஓட்டினேன் என்பது உறுத்துகிறது. இனி இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை நிறுத்தம். அடுத்து தங்கும் ஊரில் கால்நடை மருத்துவர் யார் என்று தெரியாமல் சாவியைத் திருப்ப மாட்டேன். இதை எல்லோர் முன்னாலும் எழுதிவைப்பதே, மீறினால் நீங்கள் திட்டுவீர்கள் என்றுதான்.

கிளம்பும் அன்று கால்மிதிகளைக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கவில்லை. "வச்சுக்கோங்க, போற இடத்துலயும் தரை வழுக்கும்ல" என்றார். அவர் பேசி நான் கேட்டது அவ்வளவுதான்.

ஐயா, யாராவது இதை உங்களுக்கு வாசித்துக் காட்டினால் தெரிந்துகொள்ளுங்கள்: இன்று காலை அவள் துண்டு இல்லாமல் நடந்தாள். கொஞ்சம் கோணல் நடைதான். ஒரு கால்மிதியை மணி தனக்கென்று பிடித்துக்கொண்டான், எழ மாட்டேன் என்கிறான். மற்ற இரண்டை வைத்துச் சமாளிக்கிறோம்.