பேரிடர் நேரத்துக்கு விலக்கு எழுதாதீர்கள்: அவசரகாலத் தொடர்புக்கு ஒப்பந்தம் போடுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அவசரகாலத் தொடர்பு வலையமைப்புக்கு டெண்டர் தயாரிக்கும் அதிகாரிகளுக்கும், அதில் கையெழுத்திடப்போகும் அமைச்சர்களுக்கும் வணக்கம்.

தீயணைப்பு வீரர்களும் போலீசாரும் ஆம்புலன்ஸ் ஊழியர்களும் களத்தில் பேசிக்கொள்ளும் வலையமைப்பைத் தனியாரிடம் கொடுக்கலாமா கூடாதா என்ற வாதத்துக்குள் நான் போகப்போவதில்லை. பல நாடுகளில் அது முடிந்துபோன கதை. ஆயிரக்கணக்கான டவர்களைக் கட்டி, கேபிள் இழுத்து, மென்பொருளை மாதாமாதம் புதுப்பித்துக்கொண்டிருக்க எந்த உள்துறையிடமும் ஆள்பலம் கிடையாது. என் கேள்வி வேறு. நீங்கள் பணம் கொடுத்து வாங்குவது சாதாரண நாளின் சேவையா, பேரிடர் நாளின் சேவையா? ஒப்பந்தத்தில் எது எழுதியிருக்கிறது?

போர்ச்சுகலில் நடந்ததைப் பாருங்கள். 2017 ஜூன் 17 அன்று பெட்ரோகாவ் கிராண்டே பகுதியில் காட்டுத்தீ மூண்டது. 66 பேர் இறந்தார்கள். தப்பிக்கக் காரில் கிளம்பிச் சாலையிலேயே சிக்கியவர்கள் அதில் நிறைய. மீட்புப் படையினரின் ரேடியோ வலையமைப்பான சிரெஸ்ப், அரசும் தனியார் நிறுவனங்களும் சேர்ந்து நடத்திய திட்டம். அதன் டவர்களை இணைத்த கேபிள்களில் பல, கம்பங்களின் மேல் போனவை. காட்டுக்குள் கம்பத்தில் தொங்கும் கேபிள் தீயில் என்ன ஆகும்? எரிந்தது. மையத்தோடு தொடர்பு அறுந்த டவர் உடனே செத்துவிடாது. தன் எல்லைக்குள் இருப்பவர்கள் மட்டும் தங்களுக்குள் பேசிக்கொள்ளலாம் என்ற நிலைக்குப் போய்விடும். அடுத்த மலையில் நிற்பவருக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் எதுவும் கேட்காது. இதில் ஆபத்து என்னவென்றால், கையில் இருக்கும் கருவி வேலை செய்வதுபோலவே தெரியும்.

அதற்கு அப்புறம்தான் பலரும் ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தார்கள். இயற்கைப் பேரழிவு போன்ற தவிர்க்கமுடியாத நிகழ்வுகளில் நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை என்று அதில் ஒரு விலக்கு இருந்தது. பேரிடருக்காகவே கட்டிய வலையமைப்பு, பேரிடர் வந்தால் மட்டும் பொறுப்பிலிருந்து விடுபடும்! இதை எழுதியவர் கெட்டவராக இருந்திருக்க வேண்டியதில்லை. பாலத்துக்கும் கட்டடத்துக்கும் போடும் ஒப்பந்தங்களில் அந்தப் பத்தி எப்போதும் இருக்கும். பழைய கோப்பிலிருந்து அப்படியே வந்து ஒட்டிக்கொள்ளும். நான் உங்களைக் கேட்கும் முதல் காரியம் இதுதான். உங்கள் வரைவில் அந்தப் பத்தியைத் தேடிப் பிடியுங்கள். வெள்ளம், புயல், காட்டுத்தீ, நிலநடுக்கம், நீண்ட மின்வெட்டு ஆகியவற்றை அதிலிருந்து வெளியே எடுங்கள். எடுத்தால் விலை கூடும் என்று நிறுவனம் சொல்லும். கூடட்டும். உண்மையான விலை அதுதான். முதலில் சொன்னது பாதிச் சரக்குக்கான விலை.

போர்ச்சுகல் கதை அங்கே முடியவில்லை. கேபிள் அறுந்தாலும் தொடர்பு நிற்கக்கூடாது என்று 451 செயற்கைக்கோள் ஆன்டெனாக்களும் 18 ஜெனரேட்டர்களும் சேர்த்தார்கள். 2019இல், தனக்கு வரவேண்டிய பணம் வரவில்லை என்று சொல்லி, அந்தச் செயற்கைக்கோள் இணைப்பை நிறுத்திவிடுவேன் என்று வலையமைப்பை நடத்திய நிறுவனம் எச்சரித்தது. அதே ஆண்டு டிசம்பரில் அரசு தனியார் பங்குகளை வாங்கி, முழு உரிமையையும் தன் கைக்குக் கொண்டுவந்தது. பாக்கி யார் பக்கம், நியாயம் யார் பக்கம் என்பது எனக்கு முக்கியமில்லை. பணத்தகராறு இருக்கும்போது இணைப்பில் கைவைக்க முடியாது என்ற வரி இருந்திருந்தால் அப்படி எச்சரிக்கவே முடிந்திருக்காது.

அடுத்தது அந்த அழகான எண். ‘99.9 சதவீத நேரம் இயங்கும்’ என்று எல்லா டெண்டரிலும் ஒரு வரி வரும். ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம். அதில் 0.1 சதவீதம் என்பது ஏறத்தாழ எட்டே முக்கால் மணி நேரம். அந்த எட்டே முக்கால் மணி நேரம் எந்த நாளில் வரும் என்று யாரும் எழுதுவதில்லை. அதைவிடப் பெரிய ஓட்டை சராசரியில் இருக்கிறது. உங்கள் வலையமைப்பில் 1,000 டவர்கள் என்று வையுங்கள். ஒரு பள்ளத்தாக்கில் வெள்ளம் வந்து 30 டவர்கள் 24 மணி நேரம் பேசாமல் கிடக்கின்றன. இழப்பு 720 டவர்-மணி. ஆண்டு மொத்தமோ 87,60,000 டவர்-மணி. மற்றதெல்லாம் ஒழுங்காக ஓடியிருந்தால் ஆண்டறிக்கையில் 99.99 சதவீதம் என்று வரும். அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு நாள் முழுக்க யாரும் யாரோடும் பேசவில்லை. நிறுவனமோ இலக்கைத் தாண்டிவிட்டது. ஆகவே ஆண்டுச் சராசரியை வைத்து அபராதம் போடாதீர்கள். அவசரநிலை அறிவித்த பகுதியில், அறிவித்த நேரத்தில், எத்தனை டவர் இயங்கியது என்று தனியாக அளந்து அதற்கு அபராதம் போடுங்கள். கணக்குப் போடும் தரவு நிறுவனத்தின் கருவியிலிருந்து மட்டும் வரக்கூடாது. உங்களிடமும் ஒரு நகல் நேரடியாக வந்துகொண்டிருக்க வேண்டும்.

டவருக்குப் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கேட்பீர்கள், சரி. அந்த டவரின் கேபிள் எந்தக் கட்டடம் வழியாகப் போகிறது என்று கேட்பீர்களா? 2020 டிசம்பர் 25 அன்று அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் ஏடி அண்ட் டி என்ற தொலைபேசி நிறுவனத்தின் கட்டடத்துக்கு அருகே வண்டியில் வைத்த குண்டு வெடித்தது. தீயும் தண்ணீரும் சேர்ந்து அங்கிருந்த மாற்று மின்சார ஏற்பாட்டைக் கெடுத்தன. பேட்டரி தீர்ந்ததும், பக்கத்து மாநிலங்களின் சில பகுதிகள் வரை தொலைபேசி போனது, 911 என்ற அவசர உதவி எண்ணுக்கான அழைப்புகள் தடைபட்டன. மீட்புப் பணியாளர்களுக்கென்றே உருவான ஃபர்ஸ்ட்நெட் சேவையும் பாதிக்கப்பட்டது. தாளில் இரண்டு தனித்தனி வழிகள் இருக்கும். தரையில் இரண்டும் ஒரே கட்டடத்தின் ஒரே அறைக்குள் நுழையும். கேபிள் பாதை வரைபடம் வணிக ரகசியம் என்று சொல்வார்கள். ரகசியமாகவே வைத்துக்கொள்ளட்டும், ஆனால் உங்கள் பொறியாளர் ஒருவர் அதை முழுசாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும்.

தனியார் என்றாலே மோசம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஃபர்ஸ்ட்நெட்டையே எடுத்துக்கொள்வோம். 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் 343 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள்; அவர்களின் ரேடியோவும் போலீசாரின் ரேடியோவும் இணையாதவை. எல்லோரும் பேசிக்கொள்ள ஒரே வலையமைப்பு வேண்டும் என்ற பத்தாண்டுக்கும் மேலான பேச்சுக்குப் பிறகு 2012இல் சட்டம் வந்தது, 2017இல் ஏடி அண்ட் டி நிறுவனத்துக்கு 25 ஆண்டு ஒப்பந்தம் கிடைத்தது. 20 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை அரசு தனியாக ஒதுக்கியது. கூட்டம் நெரிந்தால் மற்றவர்களை விலக்கிவிட்டு மீட்புப் பணியாளருக்கு இடம் தரும் ஏற்பாடு அதில் இருக்கிறது. 2024 பிப்ரவரி 22 அன்று அந்த நிறுவனத்தின் வலையமைப்பு நாடு முழுக்க ஏறக்குறைய 12 மணி நேரம் தடுமாறியபோது, ஃபர்ஸ்ட்நெட்டைத்தான் முதலில் மீட்டார்கள். அது நல்லது. ஆனால் சேவை போய்ச் சுமார் மூன்று மணி நேரம் கழித்துத்தான் ஃபர்ஸ்ட்நெட் வாடிக்கையாளர்களுக்குத் தகவலே சொன்னார்கள் என்று அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் எழுதியது. தகவல் வருவதற்குள் சேவையே திரும்பிவிட்டது. கோளாறுக்குக் காரணம் புயலும் இல்லை, குண்டும் இல்லை. வலையமைப்பில் ஒரு மாற்றம் செய்யும்போது ஒரு கருவியைத் தவறாக அமைத்துவிட்டார்கள். ‘கோளாறு தெரிந்த 15 நிமிடத்துக்குள் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்ல வேண்டும்’ என்று எழுத ஒரு வரி போதும். அதைக்கூட எழுதாமல் விட்டுவிடுகிறோம்.

முன்னுரிமையைப் பற்றி இன்னொன்று. 2018இல் கலிஃபோர்னியாவில் மெண்டோசினோ பகுதியில் பெருந்தீ எரிந்துகொண்டிருந்தபோது, சாண்டா கிளாரா மாவட்டத் தீயணைப்புத் துறையின் தகவல்தொடர்பு வண்டியில் இணைய வேகம் 200இல் ஒரு பங்காகவோ அதற்கும் கீழாகவோ இறங்கியது. டேட்டா அளவு தாண்டிவிட்டதாம். வேகத்தைத் திரும்பத் தரச் சொன்னால், அதிக விலையுள்ள திட்டத்துக்கு மாறச் சொன்னார்கள். பின்னால், இணைப்புக் கொடுத்த வெரைசன் நிறுவனம் அது வாடிக்கையாளர் சேவையில் நடந்த தவறு என்று ஒப்புக்கொண்டது. டவர் நன்றாகத்தான் இருந்தது. பில் போடும் மென்பொருள்தான் வேகத்தைக் குறைத்தது. பொறியாளர்கள் டவரை ஆயிரம் முறை சோதிப்பார்கள், கணக்குப் பிரிவின் கணினியை யாரும் சோதிப்பதில்லை.

இனி, பிரிட்டன். எனக்கு மிகவும் கசப்பான பாடம் அங்கேதான். அங்கு அவசரச் சேவைகள் ஏர்வேவ் என்ற ரேடியோ வலையமைப்பில் பேசுகின்றன. அதற்குப் பதிலாக 4ஜி வலையமைப்பு ஒன்றைக் கட்ட 2015இல் ஒப்பந்தங்கள் போட்டார்கள். 2019 முடிவில் பழையதை மூடிவிடலாம் என்பது திட்டம். புதியதன் ஒரு முக்கியப் பகுதி மோட்டோரோலா நிறுவனத்திடம் போனது. 2016இல் அதே நிறுவனம் ஏர்வேவையும் விலைக்கு வாங்கியது. யோசித்துப் பாருங்கள். புதியதைக் கட்டித்தர வேண்டியவரே பழையதன் உரிமையாளர். புதியது ஒவ்வோர் ஆண்டு தள்ளிப்போகும்போதும் பழையதன் வருமானம் ஓர் ஆண்டு நீளும். வேண்டுமென்றே இழுத்தடித்தார்கள் என்று நான் குற்றம் சாட்டவில்லை. ஒருவரை அந்த நாற்காலியில் உட்காரவைத்ததே தவறு. பிரிட்டனின் போட்டி ஆணையம் விசாரித்து 2023இல் ஏர்வேவ் கட்டணத்துக்கு உச்சவரம்பு போட்டது. நிறுவனம் எதிர்த்து வழக்காடியும் அது நின்றது. அதற்குள் மோட்டோரோலா புதிய திட்டத்திலிருந்து வெளியேறிவிட்டது. அந்த வேலைக்கு வேறொரு நிறுவனத்தை 2024 டிசம்பரில்தான் தேர்ந்தெடுத்தார்கள். பழையதை மூடும் ஆண்டு இப்போது 2029. காத்திருக்கும் தீயணைப்பு வீரருக்கு இன்னும் பழைய கருவிதான்.

பிரிந்து போவதற்கான வழியைச் சேரும்போதே எழுத வேண்டும். அலைவரிசை உரிமம், பேச்சை வெளியார் கேட்காமல் பூட்டும் மறையாக்கச் சாவிகள், பயனாளர் பட்டியல், டவர் இடங்களின் குத்தகையை மாற்றிக்கொள்ளும் உரிமை: இவை அரசின் பெயரில் இருக்கட்டும். ஃபின்லாந்தில் இதற்கென ஒரு அரசு நிறுவனமே இருக்கிறது. புதிய வலையமைப்புக்கு டவர் சேவையை அது ஒரு தனியாரிடம் வாங்குகிறது, மையக் கருவிகளை இன்னொருவரிடம் வாங்குகிறது. யாரை மாற்ற வேண்டுமானாலும் முழு வீட்டையும் இடிக்க வேண்டியதில்லை.

கருவி மட்டும் போதாது என்பதற்குத் தென்கொரியா சாட்சி. 2014இல் செவோல் என்ற பயணிகள் கப்பல் மூழ்கிய விபத்துக்குப் பிறகு சுமார் 1.5 லட்சம் கோடி வோன் செலவில் நாடு முழுக்க ஒரே பேரிடர்த் தொடர்பு வலையமைப்பைக் கட்டினார்கள். 2022 அக்டோபர் 29 அன்று தலைநகர் சோலின் இடேவோன் பகுதியில் நடந்த கூட்ட நெரிசலில் 159 பேர் இறந்தபோது, துறைகளுக்கிடையே அதைச் சரியாகப் பயன்படுத்தவில்லை என்ற விமர்சனம் எழுந்தது. பயிற்சிச் செலவையும் ஒப்பந்தத்திலேயே சேருங்கள். தனியாக விட்டால் முதலில் வெட்டுப்படுவது அதுதான்.

டவரே இல்லாமல் ஒரு கருவியிலிருந்து இன்னொரு கருவிக்கு நேராகப் பேசும் வசதியை மட்டும் யார் சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். பழைய ரேடியோவில் அது சாதாரண விஷயம். செல்போன் போன்ற புதிய கருவிகளில் இன்னும் அரைகுறைதான். கட்டடத்தின் நிலத்தடித் தளத்திலும் சுரங்கத்திலும் நிற்பவருக்கு அது ஒன்றுதான் துணை. புதியதில் அது களத்தில் நிரூபணமாகும்வரை பழைய கருவிகளைத் திரும்ப வாங்காதீர்கள், ஏலத்திலும் விடாதீர்கள்.

கடைசியாக ஒரு சோதனை கேட்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறை, ஒரு பகுதியில் மின்சாரத்தையும் முக்கியக் கேபிளையும் உண்மையிலேயே துண்டித்து, மீட்புப் படையினரைக் களத்தில் பேசவைத்துப் பார்க்க வேண்டும். அந்த நேரத்துக்கு மாற்று ரேடியோ தயாராக இருக்கட்டும். முடிவைப் பொதுமக்களுக்கு வெளியிட வேண்டும். எந்தப் பகுதி, எந்த நாள், எந்த டவர்கள் என்பதை நீங்கள் தேர்ந்தெடுங்கள். நிறுவனத்துக்கு முன்கூட்டியே சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
ரேடியோப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர்