பத்தியம் என்ற பெயரில் பட்டினி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவர்கள் இயற்கை முறையில் உடம்பைத் தேற்றுவது எப்படி என்று பத்திரிகையிலும் வாட்ஸ்அப்பிலும் ஏகப்பட்ட குறிப்புகள் வருகின்றன. அறுவை சிகிச்சை வார்டில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கஷாயம், சூரணம், லேகியம் என்று ஊரெல்லாம் விசாரிக்கிறார்கள், ஆனால் அதே வீட்டு அடுப்படியில் இருக்கிற முட்டையையும் பருப்பையும் நோயாளியின் கண்ணிலேயே காட்டுவதில்லை. இதுதான் என் ஆதங்கம்.

பருப்பு சாப்பிட்டால் தையலில் சீழ் வைக்கும், முட்டை சூடு, கத்தரிக்காய் கரப்பான், மீன் வாசனையே ஆகாது, சிசேரியன் ஆனவள் தண்ணீர் நிறையக் குடித்தால் வயிறு போட்டுவிடும் என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் தட்டில் மிஞ்சுவது ரசம் சாதமும் இரண்டு இட்லியும்தான். வெட்டித் தைத்த சதை ஒட்டுவதற்குப் புரதம் வேண்டாமா? பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை தினமும் தேவை என்பது ஊட்டச்சத்து நிபுணர்கள் சொல்லும் கணக்கு. 60 கிலோ ஆளுக்கு 72 கிராமாவது வந்துவிடுகிறது. ஒரு முட்டையிலேயே சுமார் 6 கிராம்தான் இருக்கிறது, ரசத்தை நம்பி என்ன செய்வது! சீழ் வைப்பது கிருமியால். சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றாலும், கழுவாத கையால் கட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாலும் அது சுலபமாக உள்ளே போகும், பழி மட்டும் பாவம் பருப்பின் மேல். (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் புரத அளவு வேறு, டாக்டரைக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும்.)

பாட்டிமார் பக்குவம் எல்லாமே தப்பு என்று நான் சொல்லவில்லை. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் பால்சுறாப் புட்டு முழுக்கப் புரதம், நெல்லிக்காயும் கொய்யாவும் காயம் ஆறத் தேவையான வைட்டமின் சி. மஞ்சளைக் குழம்பில் தாராளமாகப் போடுங்கள், தையல் மேல் பூசாதீர்கள். தேனும் அப்படித்தான், மருத்துவமனையில் காயத்துக்குப் பயன்படுத்துவது கிருமி நீக்கிய தேன், மளிகைக் கடைத் தேன் அந்த வேலைக்கு ஆகாது. அப்புறம் பூண்டு மாத்திரை, ஜின்கோ என்ற மூலிகை மாத்திரை போன்றவை ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக்கூடியவை, சாப்பிடுகிறவர்கள் ஆபரேஷனுக்கு முன்னாலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

இதைவிடப் பெரிய கொடுமை, "அசையாதே, தையல் பிரிஞ்சிடும்" என்று ஆளைக் கட்டிலோடு கட்டிப் போடுவது. டென்மார்க்கைச் சேர்ந்த ஹென்ரிக் கெஹ்லெட் என்ற அறுவை மருத்துவர் 1990களிலேயே, சீக்கிரம் சாப்பிட வைத்து சீக்கிரம் நடக்க வைத்தால் நோயாளி சீக்கிரம் தேறுகிறார் என்று செய்து காட்டிவிட்டார். படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் கட்டும், நெஞ்சில் சளி சேரும், வலி மாத்திரை வேறு மலத்தை இறுக்கும். எழுந்திருப்பதற்கு ஒரு முறை இருக்கிறது: நேராக எழும்பாமல், முழங்காலை மடக்கி ஒருக்களித்துப் படுத்து, இரண்டு காலையும் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டபடி கையை ஊன்றி எழ வேண்டும். வயிற்றில் தையல் இருந்தால் இருமும்போது ஒரு தலையணையை அதன் மேல் அணைத்துப் பிடித்துக்கொள்ளலாம், வலி நன்றாகக் குறையும். மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்து போட்ட ஒரு கருவி கொடுத்து அனுப்புவார்களே, அதை பேரப்பிள்ளைகள்தான் விளையாடித் தீர்க்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு ஊதுகிறவர்களே அதிகம், காற்றை உள்ளே இழுக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது.

நோயாளியை உள்ளறையில் போட்டு ஜன்னலைச் சாத்துவதும் வேண்டாம். அமெரிக்காவில் ரோஜர் உல்ரிச் என்பவர் 1984இல் வெளியிட்ட ஆய்வில், பித்தப்பை ஆபரேஷன் ஆனவர்களில் ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்த அறையில் இருந்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்துக் கிடந்தவர்களைவிட முன்னதாக வீடு திரும்பினார்கள், வீரியமான வலி மருந்தும் குறைவாகவே கேட்டார்கள். மொத்தம் 46 பேர்தான், சின்ன ஆய்வு. ஆனால் கட்டிலை ஜன்னலோரம் நகர்த்திப் போட என்ன செலவு?

மருத்துவமனைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியை ஆங்கிலத்தில் நாலு பக்கம் கொடுக்கிறீர்கள், சரி, கூடவே தமிழில் ஒரே ஒரு பக்கம் கொடுங்கள். எப்போது குளிக்கலாம், என்ன சாப்பிடலாம், எத்தனை கிலோ தூக்கலாம் (வயிற்றில் ஆபரேஷன் ஆன பெண்கள் வீட்டுக்குப் போனதும் தூக்குகிற ஒரு குடம் தண்ணீர் 15 கிலோ வரை இருக்கும்) என்று அதில் இருக்கட்டும். காய்ச்சல் வந்தால், தையல் சிவந்து நீர் வடிந்தால், கெண்டைக்கால் வீங்கி வலித்தால், திடீரென்று மூச்சு வாங்கினால் கஷாயம் வைக்காமல் உடனே கிளம்பி வரச் சொல்லி, ராத்திரியிலும் எடுக்கிற ஒரு போன் நம்பரையும் பெரிய எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர், திண்டுக்கல்