ராஜினாமா எழுதி வாங்காதீர்கள்: ஓஎம்ஆர் மேனேஜர்களுக்கு ஒரு திறந்த மடல்

மேனேஜர்களே, டீம் லீடுகளே, எச்ஆர் நண்பர்களே,

ஆட்குறைப்புப் பட்டியல் வந்துவிட்டதாமே. சென்னையின் ஐடி கம்பெனிகள் வரிசையாக இருக்கும் இந்த ஓஎம்ஆர் சாலையில், டைடல் பார்க்கிலிருந்து சிறுசேரி வரை டீக்கடைகளில் இதே பேச்சுதான். நானும் உங்கள் நாற்காலியில் இருந்தவன், 6 பேரை அனுப்பியவன், அதுவும் மோசமாக அனுப்பியவன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பட்டியல் என் கைக்கு வந்த மூன்றாம் நாள், அதில் பெயர் இருந்த பையன் ஒருவன் வந்து, "அண்ணா, பெரும்பாக்கத்துல ஒரு ஃபிளாட் பார்த்திருக்கோம், அட்வான்ஸ் குடுக்கலாமா, ப்ராஜெக்ட் ஓடும்ல?" என்று கேட்டான். வெளியே சொல்லக்கூடாது என்று உத்தரவு. "ஓடும்டா" என்று சொல்லிவிட்டேன். "இப்ப வேண்டாம், ரெண்டு மாசம் போகட்டும்" என்றிருந்தால் கம்பெனி ரகசியம் எதுவும் கெட்டிருக்காது. அந்த அட்வான்ஸைத் திரும்ப வாங்க அவன் எவ்வளவு அலைந்தான் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

அப்புறம் அந்தச் சின்ன மீட்டிங் ரூம். "நீயே பேப்பர் போட்டுடு, இல்லன்னா டெர்மினேஷன், ரிலீவிங் லெட்டர் சரியா வராது" என்று அரை மணி நேரக் கெடு வைப்பீர்கள். அவன் நல்லதுக்குத்தான் என்றுகூட நமக்கு நாமே சொல்லிக்கொள்வோம். ஆனால் ராஜினாமா என்று காகிதத்தில் ஏறிவிட்டால் அது ஆட்குறைப்பே இல்லை என்றாகிவிடும். ஒரு மாத நோட்டீஸ், வேலை பார்த்த ஒவ்வொரு முழு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் என்று 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம் தொழிலாளிக்குக் கொடுத்ததும், 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு தொடர்ந்து கொடுப்பதும் அந்த ஒரு கையெழுத்தில் போய்விடும், மிரட்டி வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் பாரமும் அவன் தலையில். ஐடிக்காரன் தொழிலாளியா என்ற வழக்காடலை வக்கீல்கள் பார்த்துக்கொள்ளட்டும், நீங்கள் எழுதி வாங்காதீர்கள். வருடா வருடம் நல்ல ரேட்டிங் கொடுத்துவிட்டு, ஆள் குறைக்க வேண்டும் என்றதும் அவனைப் பிஐபியில், அதாவது 'வேலை சரியில்லை, திருத்திக்கொள்' என்று கெடு வைக்கும் திட்டத்தில், போடுவது இன்னும் அசிங்கம். காசு இல்லை, ப்ராஜெக்ட் போய்விட்டது, உன் வேலையில் குறை இல்லை என்று நேராகச் சொல்லுங்கள்.

2020 மே மாதம், பயணிகளுக்கு வாடகைக்கு வீடு பிடித்துத் தரும் அமெரிக்கக் கம்பெனியான ஏர்பிஎன்பி சுமார் 1,900 பேரை அனுப்பியது. அமெரிக்க ஊழியர்களுக்குக் குறைந்தது 14 வாரச் சம்பளம், ஒரு வருட மருத்துவக் காப்பீடு. ஆள் எடுக்கும் டீமில் கணிசமான பேரை, போனவர்களுக்கு வேலை தேடித் தர உட்கார வைத்தார்கள். வேலை போனது போனதுதான், ஆனால் யாரையும் திருடனைப் போல நடத்தவில்லை.

"அதெல்லாம் முடிவு செய்ய நான் யார்?" என்பீர்கள். எண்ணிக்கை உங்கள் கையில் இல்லை, சரி. கடைசித் தேதியைத் தள்ளிக் கேட்கலாமே? 4 வருடம் 7 மாதம் ஆனவனுக்கு 5 வருடம் நிறைந்தால் கிராச்சுவிட்டி, அதாவது பணிக்கொடை, உண்டு. குரூப் இன்ஷூரன்ஸில் அப்பா அம்மாவைச் சேர்த்திருப்பவனுக்கு, கடைசி நாளோடு அதுவும் போகும் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். அந்த அப்பாவுக்கு அடுத்த மாதம் கண் ஆபரேஷன் இருக்கலாம்.

ஃபிளாட் பார்த்த அந்தப் பையன் ஐடி கார்டைக் கொடுத்துவிட்டு செக்யூரிட்டியோடு லிஃப்டில் இறங்கிய அன்று நான் லீவு போட்டிருந்தேன். வேண்டுமென்றேதான். நீங்கள் அன்றைக்கு ஆபீஸ் போங்கள், கூடவே கேட் வரை நடந்து போங்கள்.